வள்ளல் பணம் எதுவரை வரும்?

1991 ஜூலை 5, வெள்ளிக்கிழமை. பிரிட்டன், அமெரிக்கா, லக்சம்பர்க் உள்ளிட்ட நாடுகளின் அதிகாரிகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரு வங்கிக்குப் பூட்டுப் போட்டார்கள். பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல். சுருக்கமாக பி.சி.சி.ஐ. (நம் கிரிக்கெட் வாரியத்துக்கும் இதற்கும் எழுத்துப் பொருத்தம் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) ஆகா ஹசன் அபேதி என்ற பாகிஸ்தான் வங்கியாளர் 1972-ல் தொடங்கியது. எழுபதுக்கும் அதிகமான நாடுகளில் கிளை பரப்பியிருந்தது. போதைப்பொருள் பணமும் சர்வாதிகாரிகளின் பணமும் அதன் வழியாகத்தான் வெளுத்து வெளியே வந்தன. கணக்குப் புத்தகங்கள் பல வருடங்களாகவே பொய். ஏமாந்தவர்களில் பலர், பிரிட்டனில் விடியற்காலையில் கடை திறந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பு மூடிக் காசு சேர்த்த இந்திய, பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தினர்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1982-ல் தொடங்கிய கார்ட்டர் மையத்துக்கு ஆரம்ப காலத்தில் அள்ளிக் கொடுத்தவர்களில் ஒருவர் இதே அபேதி. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று பாகிஸ்தானின் குடிநீர்க் குட்டைகள். நரம்புச் சிலந்தி என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கினிப்புழுவை ஒழிக்கும் வேலையில் அந்த மையம் முதலில் காலடி வைத்த நாடு அது. வங்கி மூழ்கி இரண்டு வருடத்தில், 1993-ல், பாகிஸ்தானில் கடைசி நோயாளி பதிவானார். அதன்பிறகு அங்கே அந்தப் புழு இல்லை.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? ‘என் சேமிப்பை எடுத்தா தர்மம் செய்தாய்’ என்று லண்டன் கடைக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. காலில் புண் இல்லாமல் வயலுக்குப் போகும் பாகிஸ்தான் விவசாயியிடம் ‘அது திருட்டுக் காசு’ என்று சொல்லியும் பயன் இல்லை.

அபேதி விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் ரியோய்ச்சி சசகாவா, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போர்க்குற்றச் சந்தேகத்தில் டோக்கியோ சுகாமோ சிறையில் மூன்று வருடம் கிடந்தவர். விசாரணையே நடக்காமல் 1948-ல் வெளியே வந்தார். மோட்டார் படகுப் பந்தயச் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்க முன்நின்றார். அந்தப் பந்தய வசூலின் ஒரு பங்குதான் இன்றைக்கும் நிப்பான் அறக்கட்டளையின் பணம். 1995 முதல் 1999 வரை தொழுநோய்க்கான கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததற்கு இந்த அறக்கட்டளை தந்த 5 கோடி டாலர்தான் காரணம். அவருடைய மகன் யோஹெய் சசகாவாவின் தொழுநோய்ப் பணிக்காக 2018-ம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசை இந்திய அரசு வழங்கியது. சூதாட்டக் காசுக்கு காந்தி பெயரில் பரிசு! ஆனாலும் அந்தப் பரிசு தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணத்தின் பூர்வீகத்தைக் கிளறிக்கொண்டே போனால் ராக்ஃபெல்லரின் எண்ணெய் ஏகபோகம் வரை போகலாம், கதை முடியாது. இன்றைக்கு அவசரமாக இருக்கும் கேள்விகள் வேறு. வள்ளல்களின் பணத்தால் என்ன ஆகும், என்ன ஆகாது? அவர்கள் கிளம்பிப் போன பிறகு அந்த வேலை யார் தலையில் விழும்?

கையை விரித்த அரசுகள்

அவசரம் ஏன் என்றால், 2025-ல் கொடுக்கும் அரசுகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துவிட்டன. ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப், அன்றைக்கே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். மார்ச் மாதம், அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். கென்னடி காலத்தில் 1961-ல் பிறந்த அந்த அமைப்பு ஜூலை 1 அன்று வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டது. பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்பதாகப் பிரதமர் ஸ்டார்மர் சொன்னார், மிச்சமாவது ராணுவத்துக்கு. பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது 1970-ல். அதை எட்டிய நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதே வருடம் மே 8 அன்று பில் கேட்ஸ் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். அடுத்த இருபது வருடங்களில் கேட்ஸ் அறக்கட்டளை 20,000 கோடி டாலரைச் செலவழிக்கும். 2045 டிசம்பர் 31 அன்று இழுத்து மூடப்படும். பத்திரிகைகள் இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கிறது என்ற தோரணை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் அந்தத் தோரணை கலைந்துவிடும். 2024-ல் பணக்கார நாடுகளின் அரசுகள் தந்த வளர்ச்சி உதவி சுமார் 21,200 கோடி டாலர். கேட்ஸ் அறக்கட்டளை ஆண்டுக்குச் செலவழிக்கத் திட்டமிட்டிருப்பது 900 கோடி. நூற்றில் நான்கு பங்கு. இன்னொரு பக்கம், 2015-ல் ஐ.நா. வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை 2030-க்குள் எட்ட, வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் துண்டு விழும் தொகை 4 லட்சம் கோடி டாலர் என்பது ஐ.நா.வின் கணக்கு. கேட்ஸின் இருபது வருடப் பணம் மொத்தத்தையும் அதில் கொட்டினால் பதினெட்டே நாளில் தீர்ந்துவிடும். அரசுகள் விட்டுப்போன பள்ளத்தை எந்த அறக்கட்டளையாலும் நிரப்ப முடியாது என்று கேட்ஸே சொல்லிவிட்டார்.

அப்படியானால் இந்தப் பணம் வெறும் விளம்பரமா? அதுவும் இல்லை. தொகையை மட்டும் பார்த்தால் அதன் உண்மையான பலம் கண்ணில் படாது.

மருந்தில்லாத நோய்

நரம்புச் சிலந்தி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதை ஒழிப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்பது புரியும். குட்டைத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்துவிட்ட பெண் புழு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கொப்புளம் போட்டுத் தலைநீட்டும். நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு தன் குஞ்சுகளை அந்தக் குட்டையிலேயே கொட்டிவிடும். அடுத்த வருடத்துக்கான விதைப்பு முடிந்தது. புழுவைப் பிடித்து இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். சாவு அரிது. ஆனால் விதைப்பு, அறுவடை நேரத்தில் வீட்டில் பாதிப் பேர் படுத்துக்கிடப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது.

இதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசி கிடையாது. வருவதெல்லாம் ஏழைக் கிராமத்தானுக்கு. எந்த மருந்துக் கம்பெனி திரும்பிப் பார்க்கும்?

இந்தியாவில் இதை ஒழித்தது பெரும்பாலும் அரசுதான். படிக்கிணறுகளை மாற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, வீடு வீடாகத் தேடி. தமிழ்நாட்டில் 1980-களிலேயே போய்விட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஆப்பிரிக்காவில் அப்படிக் கிணறு வெட்டக் காசுள்ள அரசுகள் குறைவு. இருந்த அரசுகளுக்கும் ஆயிரம் அவசரம்.

1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. கார்ட்டர் மையம் இறங்கியபோது முதலில் செய்தது எண்ணிக்கை எடுப்பது. நைஜீரியாவில் கிராமம் கிராமமாகப் போய்த் தேடியபோது ஆறரை லட்சம் நோயாளிகள் கிடைத்தார்கள். அதுவரை அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது அதில் சொற்பம். பிறகு வடிகட்டித் துணி. டூபாண்ட் நிறுவனம் நெருக்கமாக நெய்த நைலான் துணியை இலவசமாகத் தந்தது. குடத்தின் வாயில் கட்டி ஊற்றினால் நீர்ப்பூச்சி தங்கிவிடும். ஆடு மாடு ஓட்டிக்கொண்டு அலைபவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் உறிஞ்சுகுழல். குட்டைக்குப் போடும் மருந்தை அமெரிக்கன் சயனமிட் கம்பெனி கொடுத்தது. நைஜீரியாவை ஒரு காலத்தில் ஆண்ட ஜெனரல் யாகுபு கோவோன் ஊர் ஊராகப் போய்ப் பிரச்சாரம் செய்தார். 1995-ல் சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இரு தரப்பிடமும் பேசி கார்ட்டர் ஏறக்குறைய ஆறு மாதம் சண்டையை நிறுத்த வைத்தார். சமாதானத்துக்கு அல்ல, புழுவுக்கு.

2024-ல் உலகம் முழுவதும் பதிவான நோயாளிகள் 15 பேர்.

முப்பத்தைந்து லட்சத்திலிருந்து பதினைந்து. இந்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, அதற்கு ஆன காலம். 1995-க்குள் முடித்துவிடுவோம் என்றுதான் முதலில் சொன்னார்கள். முடியவில்லை. 2009 என்றார்கள். அதுவும் தாண்டியது. இப்போது 2030. இடையில், 2012 வாக்கில், சாட் நாட்டில் நாய்களுக்கும் புழு வருவது தெரிந்து ஆட்டமே மாறிப்போனது. நாய்களைக் கட்டிவைக்கச் சன்மானம், மீன் குடலைப் புதைக்கப் பாடம் என்று மறுபடியும் முதலிலிருந்து. கடைசி நூறு நோயாளிகளைத் தேடும் செலவு முதல் லட்சம் பேருக்கு ஆன செலவோடு போட்டி போடும்.

இப்படித் திரும்பத் திரும்பக் கெடு தவறிய ஒரு திட்டத்தை எந்த நிதியமைச்சர் தொடர்ந்து பட்ஜெட்டில் வைத்திருப்பார்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். எதிர்க்கட்சி சும்மா விடுமா? அரசு உதவித் திட்டங்கள் மூன்று, நான்கு வருடக் கெடுவோடுதான் பிறக்கின்றன. அறக்கட்டளைக்கு வாக்காளர் இல்லை, பங்குதாரர் இல்லை. தோற்றாலும் அடுத்த வருடம் அதே வேலையைச் செய்யலாம். தனக்கு முன் அந்தப் புழு சாக வேண்டும் என்று 2015-ல் கார்ட்டர் ஆசைப்பட்டார். 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதில் அவர் போய்விட்டார், புழு மிச்சமிருக்கிறது. ஆனால் வேலை நிற்கவில்லை. இந்தப் பிடிவாதம்தான் வள்ளல் பணத்தின் முதல் பலம்.

ஐம்பது சென்ட்டுக்குள் ஒரு தடுப்பூசி

இன்னொரு பலம், யாரும் கடை விரிக்காத இடத்தில் சந்தையை உண்டாக்குவது. இதற்கு இந்தியாவே சாட்சி.

மேற்கே செனகலிலிருந்து கிழக்கே எத்தியோப்பியா வரை சகாராவுக்குத் தெற்கே ஓடும் நிலப்பகுதிக்கு மூளைக்காய்ச்சல் பட்டை என்றே பெயர். வறண்ட காற்றுக் காலத்தில் மூளை உறைக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவும். 1996-97ல் இரண்டரை லட்சம் பேருக்கு வந்து 25,000 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் காது கேளாமல் போனார்கள். ‘ஏ’ வகைக் கிருமிதான் பிரதானக் குற்றவாளி. அதற்கு நீடித்து நிற்கும் தடுப்பூசி செய்யும் நுட்பம் தெரிந்ததுதான். வாங்குகிறவன் கையில்தான் காசு இல்லை.

2001-ல் கேட்ஸ் அறக்கட்டளை 7 கோடி டாலர் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து வேலையை எடுத்துக்கொண்டன. திட்டத்தின் தலைவர் மார்க் லாஃபோர்ஸ் ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகளிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் விஞ்ஞானம் பேசவில்லை, விலை பேசினார்கள். ஐம்பது சென்ட்டுக்கு மேல் போனால் எங்களால் வாங்க முடியாது என்றார்கள். வழக்கமாக மருந்து கண்டுபிடித்த பிறகு விலை வைப்பார்கள். இங்கே விலை முதலில் முடிவானது. மருந்து அதற்குப் பின்னால் வந்தது. பெரிய கம்பெனிகள் கணக்குப் பார்த்துவிட்டு ஒதுங்கின. பிறகு ஆம்ஸ்டர்டாமிலிருந்து மூலப்பொருள், அமெரிக்க உணவு-மருந்துத் துறை ஆய்வகத்திலிருந்து நுட்பம், தயாரிப்புக்குப் புனே சீரம் இன்ஸ்டிட்யூட் என்று மூன்று கண்டங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்.

2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் மென்ஆஃப்ரிவேக் ஊசி தொடங்கியது. விலை ஐம்பது சென்ட்டுக்குள். நான்கு நாள்வரை நாற்பது டிகிரி வெயிலிலும் குளிர்பெட்டி இல்லாமல் தாங்கும் என்று பிறகு ஒப்புதல் கிடைத்தது. மின்சாரமே எட்டிப்பார்க்காத ஊர்களில் அதன் அருமை தெரியும். இதுவரை 30 கோடிக்கும் அதிகமானவர்களுக்குப் போட்டாகிவிட்டது. அந்தப் பட்டையில் ‘ஏ’ வகை நோய் 2017-க்குப் பிறகு பதிவாகவில்லை. ஒரு மருந்தை உருவாக்கப் பெருங்கம்பெனிகள் சொல்லும் செலவில் சின்னத் துண்டுதான் இந்தத் தடுப்பூசிக்கு ஆனது. மீதமிருக்கும் கிருமி வகைகளுக்காக அதே புனே நிறுவனம் செய்த ஐந்துவகைத் தடுப்பூசியை 2024-ல் நைஜீரியா முதலில் போட்டது. அந்த இரண்டாவது ஊசியின் உருவாக்கத்துக்குப் பணம் தந்தது பிரிட்டன் அரசு.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். வள்ளல் தொடங்கினார், அடுத்த அடியை ஒரு அரசு வைத்தது. நன்கொடைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது இதைத்தான்: கடைசியில் அந்தச் செலவு யாருடைய பட்ஜெட்டில் போய் உட்கார்ந்தது?

தஞ்சாவூரில் பலித்தது, ஆப்பிரிக்காவில் பலிக்காதது

அந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு 1960-61ல் இந்திய அரசு தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். ‘பேக்கேஜ் திட்டம்’ என்றார்கள். அதே 1960-ல் ஃபோர்டும் ராக்ஃபெல்லரும் சேர்ந்து பிலிப்பைன்ஸில் உலக நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. இந்தோனேசியாவின் பேட்டாவையும் தைவானின் குட்டை நெல்லையும் கலந்து, 1966-ல் அங்கிருந்து ஐ.ஆர்.8 வந்தது. அந்த நெல் சாயாமல் நிற்பதற்கு ராக்ஃபெல்லர் பணம் போதும். மூட்டையாகி விலை போவதற்கு? மேட்டூர் தண்ணீர் இருந்தது. ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கூட்டுறவுக் கடன் இருந்தது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் வந்தது; கொள்முதலுக்கும் குறைந்தபட்ச விலைக்கும் அரசு நின்றது. விதை வெளியிலிருந்து வந்தது, நிலம் அரசு பண்படுத்தி வைத்தது.

அந்தப் புரட்சிக்கு நாம் கொடுத்த விலை தனிக் கதை. நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து திரட்டியது அந்த வேகத்தில் தொலைந்துபோன விதைகளைத்தான்.

இதே வெற்றியை ஆப்பிரிக்காவில் எடுத்துக்காட்ட கேட்ஸும் ராக்ஃபெல்லரும் 2006-ல் ‘அக்ரா’ என்ற பசுமைப் புரட்சிக் கூட்டணியைத் தொடங்கினார்கள். 2020-க்குள் கோடிக்கணக்கான சிறு விவசாயிகளின் வருமானத்தை இரட்டிப்பாக்குவது, பசியைப் பாதியாக்குவது என்று பேச்சு. கெடு வந்தது. இலக்கு சத்தமில்லாமல் இணையதளத்திலிருந்து இறங்கியது. 2022-ல் நன்கொடையாளர்களே ஏற்பாடு செய்த மதிப்பீடு, வருமானம், உணவுப் பாதுகாப்பு ஆகிய தலையாய இலக்குகள் எட்டப்படவில்லை என்று எழுதியது. சில நாடுகளில் சில பயிர்களில் விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் பாசனம் இல்லாத இடத்தில், கொள்முதல் இல்லாத சந்தையில், கடன் வாங்கி உரம் போட்டவர்களுக்கு மழை பொய்த்தால் என்ன கதி? உங்கள் பணத்தை நிறுத்துங்கள் என்று ஆப்பிரிக்க விவசாய அமைப்புகள் நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கமாகவே கடிதம் எழுதின.

கடிதம் எழுதலாம். வேறென்ன செய்ய முடியும்?

கொடுப்பவரை யார் கேட்பது

இங்கேதான் சிக்கல். கெடு தவறினாலும் கார்ட்டர் மையத்தைத் தொடர்ந்து ஓட வைத்த சுதந்திரமும், அக்ரா தோற்றதற்கு யாரும் பதவி இழக்காமல் போகச் செய்த சுதந்திரமும் ஒன்றேதான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை, பந்தல் போட்டிருந்தால் போதாதா என்று அவன் அவையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வரவில் உறுப்பு நாடுகள் கட்டாயமாகக் கட்டும் சந்தா ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்துவந்தது. மற்றதெல்லாம் விருப்ப நன்கொடை. அதுவும் பெரும்பாலும் ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று குறியிட்டு வரும் பணம். 2022-23ல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் அடுத்தபடியாக அதிகம் கொடுத்தது எந்த நாடும் அல்ல, கேட்ஸ் அறக்கட்டளை. 2026 ஜனவரியில் அமெரிக்கா வெளியேறியும் விட்டது. கேட்ஸ் பணத்தில் பெரும்பகுதி போலியோவுக்கு. போலியோ ஒழிப்பு உன்னதமான வேலை. ரோட்டரிக்காரர்கள் 1985-ல் பற்றவைத்தது. ஞாயிற்றுக்கிழமை சொட்டுமருந்து முகாமில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். 2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு நோயாளிகூட இல்லை. ஆனால் ஒரு நாட்டில் போலியோவைவிட பிரசவ மரணம் பெரிய பிரச்சினையாக இருந்தால்? நிறுவனத்தில் போலியோவுக்கு ஆள் இருப்பார், மருத்துவச்சிக்கு ஆள் இருக்க மாட்டார். அந்த நிறுவனத்தின் மலேரியா பிரிவுத் தலைவராக இருந்த அராட்டா கோச்சி, ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஒரே அறக்கட்டளையின் பணத்தை நம்பியிருப்பதால் மாற்றுக் கருத்து சொல்ல ஆளே இல்லாமல் போகிறது என்று எழுதிய உள்குறிப்பு 2008-ல் வெளியே கசிந்தது. பெரிய பரபரப்பு. நடைமுறை பெரிதாக மாறவில்லை.

எண்ணிக் காட்டக்கூடிய வேலைக்கே பணம் ஓடுகிறது. 2013 முதல் 2015 வரை உலக அறக்கட்டளைகள் வளர்ச்சிப் பணிக்குத் தந்த 2,390 கோடி டாலரில் பாதி கேட்ஸ் பணம், பாதிக்கு மேல் சுகாதாரத்துக்கு என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. கணக்கெடுத்தது. போட்ட ஊசிகளை எண்ணலாம். பாதாளச் சாக்கடையை? அதற்குத் தன் பெயர் வைக்கச் சொல்லி எந்தக் கோடீஸ்வரரும் கேட்டதில்லை. உலகின் மொத்த நன்கொடையில் புவி வெப்பத்தைத் தடுக்கும் வேலைக்குப் போவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அங்கேயும் ஒரு மனிதரின் மனமாற்றம் போதும், காற்று திசை மாறிவிடும். 2025 அக்டோபரில், பெலேம் பருவநிலை மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு, வெப்பநிலை அளவைவிட ஏழைகளின் நோயிலும் பசியிலும் கவனம் வையுங்கள் என்று கேட்ஸ் எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்பது வேறு விவாதம். ஒரு தனிமனிதர் எழுதிய குறிப்பை உலகத் தலைவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு உறுத்துகிறது. வாரன் பஃபெட் 2006 முதல் கேட்ஸ் அறக்கட்டளைக்குக் கோடி கோடியாகக் கொட்டினார்; 2024-ல், என் காலத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடையாது என்றார். உயிலை மாற்றிக்கொள்ள யாருடைய ஓட்டும் தேவையில்லை.

எல்லா வள்ளல்களும் ஒரே ரகம் இல்லைதான். விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்திச் சம்பாதித்த சக் ஃபீனி, 1984-லேயே தன் சொத்தை ரகசியமாக அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு, வாடகை வீட்டில், மலிவான கைக்கடிகாரத்தோடு வாழ்ந்தார். வியட்நாமின் மருத்துவமனைகளுக்கும் கிராம சுகாதார நிலையங்களுக்கும் போன அவர் பணத்தில் அவர் பெயர் இல்லை. 800 கோடி டாலரையும் கொடுத்து முடித்து 2020-ல் கடையைக் கட்டினார், 2023-ல் இறந்தார். அமெரிக்கக் கோடீஸ்வரர் மெக்கென்சி ஸ்காட், நிபந்தனையே போடாமல், நீங்களே பார்த்துச் செலவழியுங்கள் என்று ஆயிரக்கணக்கான அமைப்புகளுக்கு 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார். கொடுத்தபின் அதிகாரத்தையும் கைவிடுகிறவர்கள் இவர்கள். சங்கடம் என்னவென்றால், அப்படிக் கைவிடுவதும் அவரவர் குணத்தைப் பொறுத்தது. சட்டம் கேட்பதில்லை.

படியேறி வெளியே போன நாடுகள்

கேட்ஸின் 75 கோடி டாலரை முதலாக வைத்து 2000-ல் தொடங்கிய தடுப்பூசிக் கூட்டணி காவி. அதில் என்னைக் கவர்ந்தது பணத்தொகை அல்ல, ஒரு விதி. ஏழை நாடாக இருந்தாலும் தடுப்பூசி விலையில் ஒரு சிறு பங்கைச் சொந்தப் பட்ஜெட்டிலிருந்து கட்ட வேண்டும். தனிநபர் வருமானம் ஏற ஏறப் பங்கும் ஏறும். ஒரு எல்லையைத் தாண்டினால் முழுச் செலவும் அவர்களுடையது. இலங்கை 2016 முதல் தன் தடுப்பூசிகளுக்குத் தானே பணம் கட்டுகிறது. வாங்கிக்கொண்டிருந்த இந்தோனேசியா இப்போது கொடுக்கிற வரிசையில் நிற்கிறது.

2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் காவி அடுத்த ஐந்து வருடத்துக்கு 1,190 கோடி டாலர் கேட்டது. அமெரிக்கா பின்வாங்கியது. கேட்ஸ் 160 கோடி தருவதாகச் சொன்னார். மொத்தம் சேர்ந்தது 900 கோடிக்குச் சற்று மேல். தட்டுப்பாடு அப்படியே நிற்கிறது.

இந்தத் தட்டுப்பாட்டைப் பேசும்போது எதிர்த்திசையில் ஓடும் பணத்தையும் பேச வேண்டும். 2023-ல் வளரும் நாடுகள் வெளிக்கடனுக்காக அசலும் வட்டியுமாகக் கட்டியது 1.4 லட்சம் கோடி டாலர். உலகம் முழுவதும் அரசுகள் தந்த உதவியைப்போல ஆறு மடங்குக்கு மேல். மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் கொடுக்கும் நாடுகளில் 340 கோடிப் பேர் வாழ்கிறார்கள். இந்தக் கடன் சுமை பற்றியும் பேச செவில் நகரில் 2025 ஜூன் கடைசியில் கூடிய ஐ.நா. நிதி மாநாட்டுக்கு அமெரிக்கா வரவே இல்லை. அறக்கட்டளைத் தலைவர்கள் கடன் பத்திரத்தைக் கிழிக்கச் சொல்லி மேடையில் குரல் உயர்த்துவது அரிது. அவர்களுடைய மூலதனத்தில் ஒரு பகுதி அந்தப் பத்திரச் சந்தையில்தானே சுற்றிக்கொண்டிருக்கும்!

அமெரிக்க உதவி நின்ற அதிர்ச்சியில் நைஜீரிய நாடாளுமன்றம் 2025 பிப்ரவரியில் சுகாதாரத்துக்குக் கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது. தொகை சிறியது, ஆனால் அது அந்த நாட்டு வரிப்பணம், அதற்குக் கணக்குக் கேட்க அந்த நாட்டு வாக்காளருக்கு உரிமை உண்டு. நான்கு மாதம் கழித்து அடிஸ் அபாபாவில், தன் 20,000 கோடியில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்குத்தான் என்று கேட்ஸ் அறிவித்தபோது, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உங்கள் அரசுகளும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆப்பிரிக்க நாடுகள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று 2001-லேயே கையெழுத்துப் போட்டவைதான். போட்ட இடம் நைஜீரியாவின் தலைநகர் அபுஜா. அந்த 20 கோடியைச் சேர்த்த பிறகும் நைஜீரியா அந்தப் 15-ல் பாதியைக்கூட எட்டவில்லை.